ஆடுகிற உடம்பும் விழுகிற வெளிச்சமும்

(சங்கரன்கோவிலில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, ஆட்டக் கலைஞர்களை ஸ்டுடியோவில் படம் எடுப்பது பற்றி. எப்படி நிறுத்துவது, எப்படி வெளிச்சம் போடுவது. இயக்கப் பயிலரங்கில் இதுக்கு என்ன வேலைன்னு காலையில டீ குடிக்கையிலயே ரெண்டு பேர் கேட்டாக. கேக்க வேண்டிய கேள்விதான். ஒரு மனுசன் எங்கே நிற்கலாம், யாரை நிமிர்ந்து பார்க்கலாம், எந்தத் தெருவில் வெளிச்சம் இருக்கும், எந்தத் தெருவில் இருக்காது என்பதையெல்லாம் ஊரில் சாதி தீர்மானிக்கிறது. கேமராவுக்கு முன்னால் அதே கேள்விகள்தான் வருகின்றன. நிற்கிற இடம், பார்க்கிற பார்வை, விழுகிற வெளிச்சம். அங்கே தீர்மானிப்பது யார்? பாதி வரலாறும் பாதி தொழிலுமாகப் பேசுறேன். சங்கரன்கோவிலில் சின்ன ஸ்டுடியோ வச்சுப் பொழைக்கிறவன் நான். அந்த அளவுக்குத்தான் பேச்சும் இருக்கும்.

முதலில் வரலாறு. 1857 கலகம் முடிந்த கையோடு வெள்ளை அரசாங்கத்துக்கு ஒரு கவலை வந்தது. ஆளுகிற சனம் யார் என்று தெரிய வேண்டும். 1868 முதல் 1875 வரை லண்டனிலிருந்து 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்று எட்டுத் தொகுதி வந்தது. தொகுத்தவர்கள் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், ஜான் வில்லியம் கே. நானூற்று அறுபதுக்கு மேல் படங்கள். படத்துக்குக் கீழே பெரும்பாலும் ஆளின் பெயர் இருக்காது. சாதியின் பெயர், குலத்தின் பெயர் இருக்கும். கூடவே அந்தச் சாதியின் குணம் என்னவென்று ஒரு தீர்ப்பும் இருக்கும். 1869இல் ஜான் லாம்ப்ரே என்பவர் ஒரு மரச்சட்டம் செய்தார். அதில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் பட்டு நூல் கட்டி, அந்தக் கட்டங்களுக்கு முன்னால் ஆளைத் துணியில்லாமல் நிறுத்திப் படம் எடுத்தார். உடம்பை அளப்பதற்கு அது வசதி. நம்ம சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்தார். ரங்காச்சாரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் ஏழு தொகுதிகளாக அச்சேற்றினார்.

இந்தப் படங்களில் ஆளை நிறுத்திய விதத்தைக் கவனியுங்க. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இன்றைக்குப் போலீஸ் ஸ்டேசனில் எடுக்கிறார்களே, அதே மாதிரி. நம்ம பாட்டன் பூட்டன் முகம் கேமராவுக்குள் போன முதல் வாசல் இதுதான்.

இரண்டாவது வாசல் ஸ்டுடியோ. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை ஸ்டுடியோக்களில் தாசிகளைப் படமெடுத்து அட்டையாக விற்றார்கள். பின்னால் வர்ணம் தீட்டிய திரை, பக்கத்தில் ஒரு தூண், ஒரு நாற்காலி. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக்கு வெளிச்சம் பத்தாது. சில நொடி ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புக் கவட்டை வைத்துத் தாங்கிப் பிடிப்பார்கள். ஆடுகிறவளை ஆடாதே என்று சொல்லி எடுத்த படம் அது. அந்தப் படங்களில் இருப்பது ஆட்டமில்லை. ஒரு பெண்ணால் சில நொடி தாக்குப்பிடிக்கக் கூடிய நிலை, அவ்வளவுதான். அங்கேயும் பெரும்பாலும் பெயர் கிடையாது.

பிறகு 1935இல் ருக்மிணி தேவி அடையாறில் மேடை ஏறினார். 1936இல் கலாக்ஷேத்திரம் வந்தது. 1947இல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வந்தே தீர வேண்டியது. அதுக்காக மூவலூர் ராமாமிர்தமும் முத்துலெட்சுமி ரெட்டியும் போராடியதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அதே காலகட்டத்தில்தான் சதிர் பரதநாட்டியமாகப் பெயர் மாறி, மேல்சாதி வீட்டுப் பெண்கள் வெளிச்சத்துக்கு நடுவில் வந்து நின்றார்கள். பரம்பரையாக ஆடியவர்களில் பாலசரஸ்வதி மாதிரிச் சிலர்தான் அந்த வெளிச்சத்தில் தங்க முடிந்தது. 1976இல் சத்யஜித் ராய் அவரைப் பற்றிப் படமே எடுத்தார். மற்றவர்கள் இருட்டுக்குள் போனார்கள். ஆட்டக் கலைஞர் என்றால் அரைமண்டியில் உட்கார்ந்து கேமராவை நேராகப் பார்க்கிற ஒற்றைப் பெண் என்று ஒரு பிம்பம் அப்போது கட்டமைக்கப்பட்டது. இன்றைக்கும் ஸ்டுடியோக்காரனிடம் டான்ஸ் போட்டோ என்று சொன்னால் அவன் மனசில் வருவது அதுதான்.

பறையடிப்பவரும் கரகம் எடுப்பவரும் கணியான் கூத்து ஆடுபவரும் இந்த இரண்டாவது வாசலுக்குள் வரவே இல்லை. நான் பார்த்த பழைய ஆல்பங்களில் நாதஸ்வரக்காரருக்கு ஒரு படம் இருக்கும். பறைக்காரர் இருந்தால் அது சாவு ஊர்வலப் படமாக இருக்கும். அதுவும் ஓரத்தில், பாதி கையும் பாதி பறையும் வெட்டுப்பட்டு.

இனி வெளிச்சத்துக்கு வாரேன். வெளிச்சத்துக்கு ஏது சாதி, நிறம் என்று கேட்கலாம். வெளிச்சத்துக்குக் கிடையாது. அதைப் பிடிக்கிற ஃபிலிமுக்கு இருந்தது. 1950களிலிருந்து கோடாக் கம்பெனி கலர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க லேபுகளுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்று அதுக்குப் பெயர். அந்த முகம் சரியாக வந்தால் ஃபிலிம் சரி, பிரிண்ட் சரி. கறுப்பு முகம் சேறு மாதிரி வந்தால் அது முகத்தின் குற்றம். கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கறுப்பின மக்கள் குறை சொன்னதைவிட, மரச்சாமான் கம்பெனியும் சாக்லேட் கம்பெனியும் தங்கள் சரக்கின் நிறம் சரியாக வரவில்லை என்று சொன்ன பிறகுதான் கோடாக் அசைந்து கொடுத்தது என்று அங்கே வேலை பார்த்தவர்களே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மேசைக்கு இருந்த மரியாதை மனுசனுக்கு இல்லை.

தென்னாப்பிரிக்காவில் இது இன்னும் வெளிப்படை. கறுப்பின மக்கள் எந்நேரமும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்துக்குப் போலராய்டு கேமரா பயன்பட்டது. 1970இல் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். 1977இல் கம்பெனி தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. அதே 1977இல் மொசாம்பிக் போன பிரெஞ்சு இயக்குநர் கொதார், கோடாக் ஃபிலிம் கறுப்பர்களுக்கு ஆகாது என்று சொல்லி வேண்டாமென்றார்.

நம்ம ஊருக்கு வந்த ஃபிலிமும் அதே ஃபிலிம்தான். அதுக்கு நம்ம ஸ்டுடியோக்கள் கண்டுபிடித்த மருந்து பவுடர் டப்பா. கண்ணாடிக்கு முன்னால் ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா இல்லாத ஸ்டுடியோ உண்டா? "கொஞ்சம் பவுடர் போட்டுட்டு வாங்க" என்று சொல்வதில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. இன்றைக்குப் பவுடர் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. ஒரு தட்டுத் தட்டினால் முகம் வெளுக்கும். கேட்காமலேயே வெளுக்கிறான். காசு வாங்காமலேயே வெளுக்கிறான்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டால், கரகம் எடுக்கிற பெண்களைக் கேளுங்க. சித்திரை, வைகாசி, ஆடி என்று கோயில் கொடை காலம்தான் அவர்களுக்கு வருமானம். முன்னால் ஆள் மூலம் பேசி முடித்தார்கள். இப்போது போனில் படம் அனுப்பு என்கிறார்கள். கொடை நடத்துகிற ஊர்க்காரர் படத்தைப் பார்த்து "இந்தப் பிள்ளை கலர் கம்மியால்லா இருக்கு" என்று சொன்னால் அந்த ராத்திரிச் சம்பளம் போச்சு. ஒரு அக்கா என் ஸ்டுடியோவுக்கு வந்தாங்க. இருபது வருசமா கரகம் எடுக்கிறவங்க. "தம்பி, என்னயக் கொஞ்சம் செவப்பாக்கிக் குடுய்யா. அப்பத்தான் புக்கிங் வரும்" என்றாங்க. நான் அவங்களுக்கு நிற அரசியல் பாடம் எடுக்கவா? கறுப்பே அழகு என்று மேடையில் பேசிவிட்டு வீட்டுக்குப் போகிற எனக்கு அந்த ராத்திரிச் சம்பளம் நட்டமில்லை. அவங்களுக்கு நட்டம். நான் செய்தது, நல்லா வெளிச்சம் போட்டு அவங்க நிறத்திலேயே ஒரு படம், கேட்டபடி வெளுத்து ஒரு படம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. "ஏஜெண்டுக்கு இதை அனுப்பு, வீட்ல மாட்ட இதைப் பெருசாப் போட்டுக் குடு" என்றாங்க. வீட்டுக்குப் போனது அவங்க நிறம். ஏஜெண்டுக்குப் போனது ஊரின் நிறம். அவங்க செய்ததில் தப்பில்லை. மாற வேண்டியது புக்கிங் பண்ணுகிற கை. நம்ம இயக்க மேடைகளும் அந்தக் கைகளில் சேர்த்திதான்.

இப்போது தொழில். பேனா வச்சிருக்கிறவங்க குறிச்சுக்கங்க.

கேமராவுக்குள் இருக்கிற மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் என்று அதுக்கு ஒரு கணக்கு. வெள்ளைத் திரைக்கு முன்னால் கறுத்த ஆளை நிறுத்தினால் மீட்டர் திரையைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து குறைத்துவிடும். முகம் கரிக்கட்டையாகும். உடனே, ஆளு கறுப்பு, படம் வராது என்கிறான். ஆள் மேல் ஒன்றுமில்லை, கணக்கு தப்பு. கையில் பிடிக்கிற மீட்டர் ஒன்று உண்டு, வெள்ளைக் குமிழ் வைத்தது. அதை ஆட்டக்காரரின் தாடைக்குக் கீழே கேமராவைப் பார்க்கப் பிடித்தால், ஆள் மேல் விழுகிற வெளிச்சத்தை அளக்கும். ஆளின் நிறம் அதுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அந்த மீட்டர் வாங்கக் காசில்லையா, சாம்பல் அட்டை ஒன்றை முகத்துக்கு முன்னால் பிடித்து அளந்துக்கங்க.

திரை வெள்ளை வேண்டாம். சாம்பல் நிறத் துணி போதும். ஆளைத் திரையை விட்டு ஆறடி முன்னால் கொண்டு வாங்க. கறுப்புத் திரைதான் வேணும் என்றால் பின்னாலிருந்து ஒரு விளக்கு தோளையும் தலைமுடியையும் தொட வேண்டும். இல்லாட்டி உடம்பு திரைக்குள் கரைந்துபோகும்.

முக்கிய விளக்கைப் பற்றி ஒன்று. கறுத்த தோலின் வடிவத்தைக் காட்டுவது அதன் மினுக்கம். கன்னத்து எலும்பு, கழுத்தெலும்பு, முழங்கை, கெண்டைக்கால் எல்லாம் தோல் திருப்பி அனுப்புகிற வெளிச்சத்தில்தான் எழுந்து நிற்கும். சின்ன விளக்கை நேரே அடித்தால் அங்கங்கே பொட்டுப் பொட்டாக எரியும். பெரிய வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து கொடுத்தால் அதே இடத்தில் நீளமாக, மெதுவாக ஒரு ஒளி ஓடும். அதுக்குப் பெரிய சாமான் தேவையில்லை. ஆறடி மரச்சட்டத்தில் ஒரு நாலு முழ வேட்டியை இழுத்துக் கட்டுங்க. அதுக்குப் பின்னால் ஃப்ளாஷை வையுங்க. ஆளுக்கும் வேட்டிக்கும் ஆறடிக்கு மேல் தூரம் வேண்டாம். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. முகத்தில் பவுடர் வேண்டாம், வேர்வையைத் துடைக்கவும் வேண்டாம். ஆடின உடம்பின் வேர்வை அது. ஆனால் ஆடினவரைக் கேட்டுக்கிட்டுத்தான். துடைக்கணும் என்றால் துண்டைக் கொடுங்க.

பித்தளைக் கரகம் கண்ணாடி மாதிரி. உங்க ஸ்டுடியோவையும் உங்களையும் சேர்த்துக் காட்டும். பெரிய வேட்டி வெளிச்சம் அதில் ஒரே கோடாகத் தெரிந்தால் அழகு, பல்பு தெரிந்தால் அசிங்கம். இன்னொன்று, கடைகளின் கூரை எட்டடி ஒன்பதடிதான் இருக்கும். தலையில் கரகமும் அதன் மேல் கிளியும் வைத்து ஒருவர் நின்றால் கூரை இடிக்கும். அவரைக் குனியச் சொல்லாதீங்க. கேமராவைத் தூக்கிக்கிட்டு வெளியே வாங்க. வடக்குப் பார்த்த பள்ளிக்கூடத் தாழ்வாரம் எந்த ஸ்டுடியோவுக்கும் குறைந்ததில்லை.

கேமராவின் உயரம் ஆட்டக்காரரின் இடுப்பு உயரம். மேலேயிருந்து கீழே பார்த்து எடுக்காதீங்க. அப்படிப் பார்த்தவர்கள் போதும். பன்னிரண்டு பதினைந்து அடி தள்ளி நின்று எடுத்தால் கையும் காலும் அதனதன் அளவில் இருக்கும். பாதத்தை வெட்டாதீங்க. ஆடுகிறவரின் முகம் பாதத்திலும் இருக்கு.

அடுத்தது, நிறுத்துவது. ஒரு வார்த்தையில் சொன்னால், நிறுத்தாதீங்க. ஆடச் சொல்லுங்க, அடிக்கச் சொல்லுங்க. பறையாட்டத்தில் அடி முடிகிற இடத்தில் உடம்பு தானே ஒரு நொடி நிற்கும். அந்த இடம் அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. நாலைந்து தரம் அடியைக் கேட்டு மனசில் வாங்கினால் உங்களுக்கும் பிடிபடும். குதிக்கிறவர் உச்சியில் ஒரு கணம் மிதப்பார். அந்த உச்சிக்கு ஒரு மயிரிழை முன்னால் விரல் அழுத்த வேண்டும். 1940இல் அமெரிக்காவில் பார்பரா மார்கன் என்ற பெண், மார்த்தா கிரகாம் ஆடின ஆட்டத்தை அப்படித்தான் எடுத்தார். மேடையில் கண்டபடி சுடாமல், ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, எந்த அசைவில் அந்த ஆட்டத்தின் உயிர் இருக்கிறதென்று தேர்ந்து, பிறகுதான் கேமராவை எடுத்தார்.

ஃப்ளாஷை முழுச் சக்தியில் வைக்காதீங்க. கேமரா மேல் மாட்டுகிற சின்ன ஃப்ளாஷைக் கால் பங்குக்கு இறக்கினால் அது எரிகிற நேரம் பல ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி. குச்சி காற்றில் நிற்கும். வெளிச்சம் பத்தலையா, வேட்டிக்குப் பின்னால் மூணு ஃப்ளாஷைச் சேர்த்துக் கட்டுங்க. ஷட்டரை 1/200, 1/250க்கு மேல் ஏற்றினால் பெரும்பாலான கேமராவில் படத்தில் கறுப்புப் பட்டை விழும். எல்லாத்தையும் உறைய வைக்கவும் வேண்டாம். ஷட்டர் 1/15, ஃப்ளாஷ் கடைசியில் எரிகிற மாதிரி வைத்தால் அடிக்குச்சி போன பாதை புகை மாதிரி விழுந்து, முகம் துல்லியமாக நிற்கும். பறைத்தோல் மெலிசாக இருந்தால் பின்னால் ஒரு விளக்கு வைத்துப் பாருங்க. நெருப்பில் காய்ச்சின தோல் உள்ளேயிருந்து எரிகிற மாதிரி இருக்கும்.

பரதநாட்டியம் சபைக்கு முன்னால் நேராக நின்று ஆடுவது. பறையாட்டம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து வட்டம் போட்டு ஆடுவது. வட்டத்தை உடைத்து வரிசையாக நிற்க வைத்தால் குரூப் போட்டோ கிடைக்கும், ஆட்டம் கிடைக்காது. வட்டத்தில் ஒரு ஆள் இடம் கேட்டு வாங்கி அங்கே கேமராவை வையுங்க. ஒருவர் முதுகு தெரிந்தால் தெரியட்டும். கணியான் கூத்தில் அண்ணாவி பாட, மகுடம் இரண்டும் பேச, புடவையும் சலங்கையும் கட்டின ஆண்கள் ஆடுகிறார்கள். அவர்களை நெளியச் சொல்லி, கண்ணடிக்கச் சொல்லி எடுக்கிற படங்களைப் பார்த்திருப்பீங்க. சுடலைமாடன் முன்னால் விடிய விடிய ஆடுகிற மனுசரை வேடிக்கைப் பொருளாக்குவது அது. அண்ணாவியிடம் கேளுங்க, எங்கே நிக்கணும்னு அவர் சொல்வார்.

அப்புறம் இந்த "சிரிங்க". அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நாட்டிலேயே அதிகம் படம் எடுத்துக்கொண்டவர். நூற்று அறுபது படம் வரை கிடைத்திருக்கிறது. பெரும்பாலும் எல்லாவற்றிலும் நேர்த்தியான கோட்டு, இறுகிய முகம். சிரிக்கிற அடிமை என்று வெள்ளையர் வரைந்த கேலிச் சித்திரங்களுக்கு அது பதில். 1861இலேயே புகைப்படத்தைப் பற்றி மேடையில் உரை நிகழ்த்தினவர் அவர். நம்ம சேரிகளில் மாட்டியிருக்கிற அம்பேத்கர் படத்தை யோசிங்க. அந்தக் கோட்டும் டையும் யாருக்குப் பதில் சொல்கின்றன?

அதனால் ஒரு பறைக் கலைஞர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தால், முதலில் அந்தச் சட்டையோடு நாற்காலியில் உட்கார வைத்து ஒரு படம் எடுங்க. சலங்கை, தலைப்பாகை எல்லாம் பிறகு. பறையைக் கையில் திணிக்காதீங்க. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையை இறக்கி வைத்த ஊர்கள் உண்டு. அந்த மறுப்புக்காக அடிபட்டவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், 1990 முதல் திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையை விடுதலைக் கருவியாக எடுத்து ஆடினார்கள். 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ வந்தது. இழிவு என்று இறக்கி வைத்த அப்பாவும், இது என் இசை என்று தோளில் மாட்டுகிற மகளும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். யார் சரி என்று கேமராக்காரன் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பறையோடா, பறையில்லாமலா என்று கேளுங்க. படத்தில் இருக்கப் போகிறவர் சொல்லட்டும்.

கடைசியாக, படம் யாருக்குச் சொந்தம்? 1957ஆம் வருசப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குப் படம் சொந்தம். யாரும் காசு கொடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் எடுத்தவருக்குச் சொந்தம். அதாவது ஒரு நிறுவனம் காசு கொடுத்தால் நிறுவனத்துக்கு, நான் சும்மா எடுத்தால் எனக்கு. ஆடினவருக்கு ஒன்றுமில்லை. எனவே சின்னதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. படம் எங்கே அச்சாகும், எவ்வளவு காசு, கேட்காமல் வேறெங்கும் போகாது என்று. நம்ம பத்திரிகைகளும் துண்டறிக்கைகளும் இதுக்கு விலக்கு இல்லை. அட்டைப்படத்தில் பறையடிக்கிறவர் பெயர் உள்ளே எத்தனை இதழில் இருக்கு? "பறையடிக்கும் கலைஞர்" என்று மட்டும் போட்டால், சாதிப் பெயர் போட்ட அந்த எட்டுத் தொகுதிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

மத்தியானத்துக்கு மேல் முற்றத்தில் வேட்டியைக் கட்டி எடுத்துப் பார்க்கப் போறோம். வந்திருக்கிற கலைஞர்கள் முதலில் கேமராவைப் பிடிக்கட்டும், நாம முன்னால நிப்போம். அப்புறம் மாறிக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் நாலு வரி எழுதுங்க. பெயர், ஊர், யாரிடம் கற்றார், எத்தனை அடி தெரியும். ஊருக்குப் போனதும் பிரிண்ட் போட்டு முதல் பிரதியை ஆடினவர் கையில் கொடுங்க. அஞ்சலில் போட்டால் தாமதமாகும், நேரில் போய்க் கொடுங்க.